எந்தக் கடல்

பாம்பன் தெற்குவாடி.
தடைக்காலத்தின் பத்தொன்பதாம் நாள்.
ஐஸ் கம்பெனியில் பெல்ட் ஓடவில்லை.
மரத்தூள் காய்ந்த தரையில்
இரண்டு வேதாகமங்கள் விரிந்து கிடந்தன.
சந்தியாகு உபதேசியாருடையது புதிய பெயர்ப்பு,
அட்டையில் மெழுகு சொட்டிய தடம்.
பாஸ்டர் எப்ராயீமுடையது பழையது,
பக்கம் தவறாமல் சிவப்புப் பென்சில்.
நான் ஏலச்சீட்டு எழுதுகிறவன்.
எழுதத் தெரிந்த பாவத்துக்கு
நடுவில் உட்காரவைத்தார்கள்.

வழக்கு ஒரே வரியின் மேல்.
கடைசிப் புத்தகம், கடைசிக்கு முந்தின அதிகாரம்.
புது வானம் வருகிறது, புது பூமி வருகிறது.
கடல் வரவில்லை.

"ஒரு சொட்டு மிஞ்சாது" என்றார் எப்ராயீம்.
"அறுபத்துநாலுல ஒரு ராத்திரியில
தனுஷ்கோடியத் தின்னுச்சே,
தின்னதுக்குக் கணக்கு உண்டு.
சமுத்திரம்னா சமுத்திரம்தான்.
கடல்னு சுருக்கிப் போட்டா
கணக்கு சுருங்கிருமா?"

"எழுதினவரு தீவுல கைதி ஐயா" என்றார் சந்தியாகு.
"நாலு பக்கமும் தண்ணிதான் அவருக்கு மதிலு.
மதிலு இருக்காதுங்கிறாரு.
நீங்க தண்ணிய எறைக்கிறீங்க."

ஐஸ் உடைக்கும் மலைராசு
எந்தக் கோயிலுக்கும் ஒழுங்காகப் போகாதவன்.
மூலையில் பீடியை அணைத்துவிட்டுக் கேட்டான்:
"போறது எந்தக் கடல்?
தெக்க ஆண்கடல், வடக்க பெண்கடல்.
அதச் சொல்லுங்க மொதல்ல."

எல்லோரும் சிரித்தார்கள்.
உபதேசியார் மட்டும் சிரிக்கவில்லை.
திருச்சியில் மூன்று மாத வகுப்பில் எடுத்த
கோடு போட்ட நோட்டைப் புரட்டி
ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார்.
"மூலத்துல... அந்தச் சொல்லு பெண்பால்."

சிரிப்பு நின்றது.
வடவாடி வியாகுலம் எழுந்துவிட்டான்.
"அப்ப என் வள்ளம்?
போன மாசம்தான் எஞ்சின் வச்சேன்,
பதினாறு தவணை பாக்கி."
"இலக்கணத்துலதான்ப்பா பெண்பால்" என்று
உபதேசியார் சொன்னது அவன் முதுகுக்குத்தான் கேட்டது.

அப்போது கித்தேரி வந்தாள்,
கலெக்டருக்கு மனு எழுத.
பாசிக்கும் அது ஓய்வுக் காலம்;
விரல்களில் பாறை கிழித்த கோடுகள் ஆறியிருந்தன.
புருஷன் யாழ்ப்பாணத்துச் சிறையில்.
காவலை மூன்று முறை நீட்டியாயிற்று.
நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.
பிறகு,
"போயிற்றுன்னு வாசிச்சீகளே,
போயிருச்சா, இனிமே போகுமா?"

"போகும்" என்றார் எப்ராயீம்.
"தரிசனத்துல வாறத வந்த மாதிரியே சொல்றது."
"ஆமா" என்றார் சந்தியாகு.
அந்தப் பகலில் இருவரும்
ஒத்துப்போனது அந்த ஒரு சொல்லில்.

"மாசி பன்னெண்டு, விடிய மூணு மணிக்கு
வாக்கி டாக்கியில அவுக பேசுனாக.
இந்தா வந்துட்டேன், உலை வையின்னாக.
அதுவும் தரிசனம்தானா?"

பெல்ட்டில் ஈ உட்கார்ந்து எழும்பியது.
எப்ராயீம் பென்சில் முனையைப் பார்த்தார்.

"கடலு இருந்துட்டுப் போகட்டும்.
அது இல்லாட்டி நான் எங்க முங்குறது?
அதுல யாரோ ஒரு கோடு போட்டுருக்காகளாம்.
முங்கிப் பாத்த எனக்கு ஒருநாளும் தட்டுப்படல.
கோட்டுக்கு மூலத்துல என்ன சொல்லுன்னு
அந்த நோட்டுல பாருங்க."

உபதேசியார் நிஜமாகவே தேடினார்.
முன்னிருந்து பின்னுக்கு, பின்னிருந்து முன்னுக்கு.
கொஞ்ச நேரத்தில் எப்ராயீமும்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
அதே நோட்டில் குனிந்தார்.

நான் மனுவைத் தொடங்கினேன்.
ஐயா, என் கணவர்
என்பது வரை வந்தது.
அடுத்த வினைச்சொல்லுக்கு
எந்தக் காலம் போடுவதென்று தெரியவில்லை.
பேனா பொட்டு வைத்தபடி நின்றது.

வெளியே தெற்கில் கச்சான் இரைந்தது.
வியாகுலம் இன்னும் திரும்பவில்லை.
வடக்கே போயிருக்கிறான்,
பெண்கடல் இருக்கிறதா என்று பார்க்க.